மலாக்கா வழியை மனப்பாடமாகச் சொன்னவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. செராஸில் அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள், இதில் பாதி விஷயம் அவளுக்கே தெரியாது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அவர் அண்ணன். எங்கள் கூட்டத்தில் இளையவனான குணாவுக்கும் மற்றவர்களுக்கும் அங்கிள். அறுபதைத் தாண்டியவர், அகலமான ஆள். முப்பது வருஷம் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். ஒருநாள் இடுப்பு வலி என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரிடம் மிச்சம் இருந்தது ஒரு பழைய கப்சாய். மீன் விற்பவரிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார் வரைக்கும் இங்கே எல்லாரும் ஓட்டுகிற சின்ன மோட்டார் சைக்கிள்தான் கப்சாய்.

எங்கள் கூட்டமும் கப்சாய்க் கூட்டம்தான். பெரிய பைக், தோல் ஜாக்கெட் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். எட்டு மோட்டார், எட்டுத் தொப்பை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளானிலிருந்து கிளம்பி, கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்களுக்கென்று இருக்கும் தனிப் பாதையில் பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் வருவார்கள். தோசைக் கடையில் உட்கார்ந்து, அங்கே போகலாம் இங்கே போகலாம் என்று வாயால் ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நான் என் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து வருவேன். அந்தத் தோசைக் கடைக்கு அடுத்த சந்தில்தான் நான் வேலை பார்க்கும் பிரிண்டிங் கடை இருக்கிறது.

அந்த மேசையில்தான் மலாக்கா பேச்சு வந்தது. வேகச்சாலையில் போனால் இரண்டு மணி நேரம். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "அது போறதா? அது பார்சல்" என்றார். பழைய கடற்கரைச் சாலையில் பந்திங், மோரிப், சிப்பாங், போர்ட்டிக்சன் என்று ஊர் ஊராக நின்று போக வேண்டும், உள்சாலை வழியாகத் திரும்பி வர வேண்டும், மூன்று நாள். சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஒப்பிக்க ஆரம்பித்தார்.

"பந்திங் தாண்டி பாலம். பாலத்துல ரெண்டு இரும்பு ஜாயிண்ட். ஈரமா இருந்தா பிரேக்குல கை வைக்காதே. அப்புறம் ரெண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், மூணு வளைவு. மூணாவது வளைவுல ரோடு வலது பக்கம் சாஞ்சிருக்கும், நாலுல போனா மூணுக்கு வந்துடு. பள்ளிவாசல் வரும். அதுலேர்ந்து அறுபது எண்ணு. குழி."

குணா போனைத் தூக்கிக் காட்டினான். "அங்கிள், இதுவே குழியெல்லாம் சொல்லுது."

"குழிய சொல்லும். குழிக்கு முன்னாடி எந்த கியருன்னு சொல்லுமா?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்காமல் அடுத்த வளைவுக்குப் போனார். முக்கால் மணி நேரம். மலாக்கா வந்து சேர்ந்தபோது என் தோசை ஆறி வறட்டி மாதிரி ஆகிவிட்டது. ஒரு துண்டுக் காகிதம் கிடையாது, எல்லாம் மண்டைக்குள். என்ன ஞாபகசக்தி, என்ன ஞாபகசக்தி என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது யோசித்தால் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கிறது. அவர் ஒருநாளும் கடையில் பட்டியலைக் கையில் வாங்கியதில்லை. "எப்பவும் போடறதைப் போடு" என்பார். உட்காருவதற்கு முன்னால் மேசை விளிம்பை உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். சுத்தக்காரர் என்று நினைத்தேன். சாலையோரத்தில் நின்றால் குணாவைப் பிடித்துக்கொள்வார். "அந்தப் பலகையில என்ன போட்டிருக்கு? சொல்லு பாப்போம்." குணா உரக்கப் படிப்பான். "ஹ்ம், கண்ணு நல்லா இருக்கு உனக்கு" என்று முதுகில் தட்டுவார். பையனைப் பழக்குகிறார் என்று நாங்கள் புல்லரித்துப் போனோம். "கண்ணு ஏமாத்தும்டா, ரோடு ஏமாத்தாது" என்று அடிக்கடி சொல்வார், அதையும் தத்துவம் என்று தலையாட்டினோம்.

மழைத் தூறல் விழுந்தால் போதும், முதல் பாலத்துக்கு அடியில் மோட்டாரை ஓரங்கட்டிவிடுவார். இங்கே மழை பெய்தால் மோட்டார்க்காரர்கள் பாலத்தடியில் ஒதுங்குவது வழக்கம்தான், ஆனால் மழை விட்டதும் கிளம்பிவிடுவார்கள். இவர் சாலை காயும்வரை அசையமாட்டார். ஒரு தடவை சுபாங் ஜெயா பக்கம் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். பொறுமை தாங்காமல் என் வீட்டுக்காரர் தனியாகக் கிளம்பினார், அடுத்த வளைவிலேயே சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். செய்தி கேட்டு முதலில் ஓடி வந்தவர் அவர்தான், மோட்டாரை விட்டுவிட்டு, பாதை ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்து. சட்டையைக் கழற்றிக் காலைக் கட்டினார். ஆஸ்பத்திரியில் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார், நான் அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றையிலிருந்து அவர் எங்களுக்குச் சொந்த அண்ணன். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏன் நடந்தார் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பயணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அவர் ஒப்பித்த வழியை நான் தட்டச்சு செய்து ஆளுக்கு இரண்டு பக்கம் அச்சடித்து வைத்திருந்தேன். சரி பார்க்கக் கடைக்கு வந்தார். போனில் ஒரு வாடிக்கையாளர் என் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தார். நான் பேசிக்கொண்டே இயந்திரத் தட்டிலிருந்த காகிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். தலையைக் கொஞ்சம் ஒருக்களித்துக்கொண்டார். விரலை வரிவரியாக ஓட்டினார்.

"நல்லா வந்திருக்கு தங்கச்சி. பந்திங், மோரிப் எல்லாம் வரிசையா இருக்கு."

போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். அவர் கையில் இருந்தது கருமக்கிரியை அழைப்பிதழ். சுற்றிலும் கறுப்புக் கரை, நடுவில் யாரோ ஒரு அம்மாவின் படம், மாலையோடு. அவர் விரல் அந்த அம்மாவின் பெயருக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முதலில் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, முதல் வரியைக் கொஞ்சம் படிங்க."

"அதான் சொன்னேனே."

"இல்லண்ணே. சத்தமா படிங்க."

காகிதத்தை மெதுவாகக் கீழே இறக்கினார். மேசை விளிம்பைத் தேடித் தடவி, அதன்மேல் வைத்தார். பிறகு, "உன் முதலாளி இருக்காரா? வெளிய வா" என்றார்.

கடைக்குப் பின்னால் மாடிப்படி இருக்கிறது. அங்கே உட்கார்ந்து சொன்னார்.

"இனிப்பு நீரு தங்கச்சி, சக்கரை வியாதி. கண்ணுக்கு வந்துடுச்சு. நேரா பார்த்தா உன் மூஞ்சி இருக்கற இடத்துல ஒரு கறை. சாச்சுப் பார்த்தா ஓரத்துல நீ இருக்க. எழுத்து போச்சு. கலரு மட்டும் இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"லோரிய விட்டேன்ல, அப்பலேர்ந்து. லோரி லைசன்சுக்கு டாக்டரு கண்ணு பாப்பாரு. மோட்டாருக்கு யாரு பாக்கறா?"

எனக்கு வந்த கோபத்தில் படியிலேயே எழுந்து நின்று கத்தினேன். "உங்களுக்குப் பைத்தியமாண்ணே? முன்னாடி போறது நீங்க. பின்னாடி ஏழு பேரு வராங்க. அதுல ஒருத்தர் என் புருஷன்!"

"கத்தாதே லா." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது தரை இருக்கும் பக்கம். "மலாக்கா ஓரத்துல ஒரு தொழிற்சாலை. எத்தனையோ வருஷம் அங்க சரக்கு இறக்கியிருக்கேன். டவுனுக்குள்ள லோரி விடமாட்டாங்க. வாசல்ல இறக்கிட்டு கோஸ்தான் எடுத்துத் திரும்பிடுவேன். அந்த சிவப்புக் கட்டடம், கோட்டை வாசல், பழைய பிள்ளையார் கோயில், ஒண்ணும் பார்த்ததில்ல. கலரு தெரியறப்பவே ஒரு தடவ பார்த்துடறேன். வந்து சாவிய உன் கையிலயே குடுத்துடறேன்."

கோஸ்தான் என்றால் வண்டியைப் பின்னால் எடுப்பது. லோரிக்காரர்கள் வாயில் அதுதான் வரும்.

"பஸ்ஸில போங்களேன். நாங்க வந்து கூட்டிட்டுப் போறோம்."

"பஸ்ஸில ஏறுன அன்னிக்கே மகளுக்குத் தெரிஞ்சிடும். பெட்டியக் கட்டிடுவா. செராஸ்ல பதினாலாவது மாடி. அங்க ஏறுனா அப்புறம் இறங்கமாட்டேன்."

ஆஸ்பத்திரியில் அவர் வாங்கிக் கொடுத்த தேநீர் என் ஞாபகத்துக்கு வந்தது. அந்த இடத்தில் நான் இளகியிருக்கக் கூடாது. இளகினேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை, என் புத்திசாலித்தனம் சும்மா இருக்கவில்லை. நீங்கள் முன்னால் போகாதீர்கள், என் வீட்டுக்காரர் போகட்டும், நீங்கள் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டே போங்கள் என்றேன். முதுகு தெரிய வேண்டுமே, எந்தக் கலர் நன்றாகத் தெரியும் என்று கேட்டேன்.

"ஆரஞ்சு" என்றார் உடனே. "ஆரஞ்சு எவ்வளவு தூரத்துலயும் தெரியும்."

யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டார், என் வீட்டுக்காரரிடம்கூட. "தெரிஞ்சா அவன் என்னைக் கிளம்பவே விடமாட்டான் தங்கச்சி." தலையில் அடித்துச் சத்தியமெல்லாம் வாங்கவில்லை. நான்தான் சரி என்றேன்.

கிள்ளானில் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு இரும்புச் சாமான் கடை இருக்கிறது. அங்கே போய் ஆரஞ்சு வெஸ்ட் ஒன்று வாங்கினேன், பளபளவென்று பட்டை போட்டது. தோசைக் கடையில் என் வீட்டுக்காரருக்குப் போட்டுவிட்டேன். அண்ணன், தலைவர் இனிமேல் இரண்டாவதாகத்தான் வருவார், பின்னாலிருந்து எல்லாரையும் கவனிப்பார் என்று ஒரு கதை சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். குணா மட்டும் என் வீட்டுக்காரரைச் சுற்றி வந்து பார்த்தான்.

"என்னண்ணே, ரோடு போடப் போறீங்களா?"

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு மோரிப் வரைக்கும் ஒத்திகை. நான் என் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து வழி நெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். நாங்கள் திரும்பினால் அவர் திரும்பினார், நாங்கள் நின்றால் அவர் நின்றார். ஒரு கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போன மாதிரி வந்தார். கடற்கரையில் இறங்கியதும் என்னைப் பார்த்து, என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்து, "பார்த்தியா?" என்றார். குழந்தை மாதிரி அவ்வளவு சந்தோஷம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பப் பெருமையாக இருந்தது.

நானும் போவதாகத்தான் ஏற்பாடு. முதல் நாள் மாலை முதலாளி கூப்பிட்டார். ஒரு சாவு வீடு, அழைப்பிதழ் நாளைக்கே வேண்டும், வேறு ஆள் இல்லை. சாவு வேலைக்கு மாட்டேன் என்று சொல்ல முடியாது. அப்போதே எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அவரோடு போகிற ஏழு பேரில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்தி, நான் போகவில்லை.

காலையில் எங்கள் வீட்டு வாசலில் கூடினார்கள். எட்டு மோட்டாருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, முன்சக்கரத்துக்கு அடியில் ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்தேன். கற்பூரம் காட்டினேன். தேங்காய் உடைத்தார் என் வீட்டுக்காரர், இரண்டு மூடியும் நன்றாகத்தான் விழுந்தன. அண்ணன் முகத்தில் விபூதி, புதுச் சட்டை, மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

என் வீட்டுக்காரரின் வெஸ்டை இழுத்து ஒட்டிவிடும்போது வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என்னங்க, அண்ணனுக்குக் கண் தெரியாது, உங்களைப் பார்த்துத்தான் வருவார், விட்டுவிடாதீர்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் கற்பூரம் எரிந்துகொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்றுகூடக் கேட்கமாட்டோம். போகிறேன் என்று யாராவது சொன்னால், போயிட்டு வரேன் என்று சொல்லு என்று திருத்துவோம். அந்த நேரத்தில் கண் தெரியாது, விழுந்துவிடுவார் என்று எப்படி வாயைத் திறப்பது? அபசகுனமாகப் பேசிவிட்டு, அதுவே பலித்துவிட்டால்? முழுங்கிவிட்டேன்.

"பாத்துப் போங்க" என்றேன்.

"சரி சரி" என்றார்.

அண்ணன் மட்டும் என் பக்கம் தலையை ஒருக்களித்து, "போயிட்டு வரேன் தங்கச்சி" என்றார். எட்டு எலுமிச்சம்பழமும் நசுங்கின.

நடந்ததைக் குணா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சிப்பாங் பக்கம் சாலையை அகலப்படுத்துகிறார்கள். ஒரு வழியை மூடிவிட்டுத் தற்காலிக விளக்கு வைத்திருந்தார்கள். அவர் மனப்பாடத்தில் அந்த விளக்கு கிடையாது, அந்தப் பள்ளமும் கிடையாது. என் வீட்டுக்காரர் பச்சை போய் மஞ்சள் விழுகிற நேரத்தில் கடந்துவிட்டார். அண்ணனுக்குச் சிவப்பு தெரியும், ஒழுங்காக நின்றார். எதிர்ப்பக்கம் லோரிகள் வந்து முடிகிறவரைக்கும் எல்லாரும் நின்றார்கள். பச்சை விழும்போது ஓரத்திலிருந்து ஒரு கப்சாய் அவருக்கு முன்னால் ஏறியது. சாலை வேலை பார்க்கும் ஆள். ஆரஞ்சு வெஸ்ட்.

"அங்கிள் அவசரமே படல அக்கா" என்றான் குணா. அழுதுகொண்டே சொன்னான். "அந்த ஆளு பின்னாடியே போனாரு. அவன் இடது பக்கம், மூடியிருக்கற பக்கம் திரும்பினான். அங்கிள் சிக்னல் போட்டு, கியரக் குறைச்சு, அழகா திரும்பினாரு. அவருக்குத் தெரியாத ரோடா, ஏதோ குறுக்கு வழின்னு நெனச்சு நானும் பின்னாடி போனேன். அந்த ஆளு பலகை போட்டிருந்த இடத்துல ஏறிப் போயிட்டான். அங்கிள் பலகைக்குப் பக்கத்துல போயிட்டாரு."

கால்வாய்க் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம். குணா எப்படியோ பிரேக் போட்டு விளிம்பில் நின்றுவிட்டான். அவனும் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம், டயர் வழுக்கிவிட்டது, மண் இருந்தது என்று சொன்னார். மகளிடமும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் நான் தனியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, என் கையைத் தேடிப் பிடித்தார்.

"வெஸ்ட் நல்லாத் தெரிஞ்சிச்சு தங்கச்சி" என்றார். "நல்ல கலரு. கடைசி வரைக்கும் தெரிஞ்சிச்சு."

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, இல்லை என்ன நடந்தது என்று புரியாமலே சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் போய்விட்டார். அவருடைய கருமக்கிரியை அழைப்பிதழை நான்தான் அச்சடித்தேன். பதினாறாம் நாள் மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "அப்பாவ நீங்கதான் அக்கா நல்லா பாத்துக்கிட்டீங்க" என்றாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

என் வீட்டுக்காரர் மோட்டாரை எடுக்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். வேலைக்கு பஸ்ஸில் போகிறார். சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "முன்னாடி போறவன் கண்ணாடியப் பாக்கணும்ல? நான் பாக்கல" என்பார். நான் ரசம் ஊற்றுவேன். ஒரு வருஷமாக ஊற்றிக்கொண்டிருக்கிறேன். சொன்னால் அவர் மனது ஆறுமா, இன்னும் புண்ணாகுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொல்வதென்றால், எனக்குப் பயம்.

போன மாதம் கூட்டம் மறுபடியும் தோசைக் கடையில் உட்கார்ந்தது. அங்கிள் நினைவாக அதே சாலை, அதே மலாக்கா, அவர் பார்க்காத சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் நின்று ஒரு படம். என் வீட்டுக்காரர்தான் முன்னால் போக வேண்டும் என்று எல்லாரும் பிடிவாதம் பிடித்தார்கள். அவர் கடைசியில் சரி என்றார். அப்போது குணா சொன்னான்.

"எல்லாரும் ஆரஞ்சு வெஸ்ட் போடுவோம். அங்கிளுக்குப் பிடிச்ச கலரு. அக்கா, நீங்கதானே வாங்கினீங்க, அதே கடையில ஏழு வாங்கிட்டு வாங்க."

அதே கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் சாலை வேலை பார்க்கும் இரண்டு பேர் நின்று ஆரஞ்சு வெஸ்ட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இருபதோ முப்பதோ, கட்டாக வாங்கினார்கள். கடைக்காரர் என்னிடம் திரும்பி, "உங்களுக்கும் இதானே?" என்றார். பச்சை இருக்கிறதா என்று கேட்டேன்.

வீட்டில் பையைப் பிரித்துப் பார்த்த என் வீட்டுக்காரர், "என்ன இது? ஆரஞ்சுதானே சொன்னாங்க?" என்றார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கருமக்கிரியைக் காகிதத்திலிருந்து ஆரம்பித்து, மாடிப்படி, ஒத்திகை, கற்பூரம், ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பச்சை வெஸ்ட் ஒன்றை மடியில் வைத்து அதன் பட்டையை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் மெதுவாகத்தான் சொன்னார்.

"சொல்லியிருந்தா அந்த லைட்டுல நின்னிருப்பேனே."